அம்மாவோட முதல் ஃபாரின் ட்ரிப், கோலாலம்பூர் 4 நைட், 80 ஆயிரம் போதுமா?

உறையூர்_குமரன்:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு போற ஆளு நான், இதான் முதல் போஸ்ட். திருச்சில ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன். அம்மாவுக்கு 58 வயசு, இதுவரைக்கும் ஃப்ளைட் ஏறினதில்ல, நானும் டெல்லி தாண்டினதில்ல. எங்க வீட்டு சாமி ரூம்ல 10 வருஷத்துக்கு முந்தின காலண்டர் ஒண்ணு இன்னும் தொங்குது, தேதி எல்லாம் கிழிச்சாச்சு, மேல இருக்கற மலேசியா பத்துமலை முருகன் படத்துக்காக அட்டைய மட்டும் அம்மா விடாம வச்சிருக்காங்க. இந்த வருஷம் போனஸ் வந்தவுடனே சரி போயே பாத்துருவோம்னு முடிவு பண்ணிட்டேன்.

பட்ஜெட் ரெண்டு பேருக்கும் சேத்து 80 ஆயிரம், அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது. நான் போட்டு வச்ச கணக்கு: திருச்சி டு கேஎல் போக வர டிக்கெட் ஆளுக்கு 14 ஆயிரம்னு ஆப்ல காட்டுது, 28 ஆச்சு. ஓட்டல் 4 நைட் 10 ஆயிரம். சாப்பாடு 8, சுத்தி பாக்க 10, அம்மா ஏதாவது வாங்குவாங்க அதுக்கு 10. மீதி 14 கையில நிக்கும். இது சரியா வருமா? அம்மா சுத்த சைவம், முட்டி வலி வேற இருக்கு, படி ஏற முடியுமான்னு தெரியல. எங்க தங்கறது, பணத்த எப்படி கொண்டு போறது, எதுவும் புரியல. போனவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

ஸ்ரீரங்கம்_அக்கா:

தம்பி 80 தாராளமா போதும், ஆனா உங்க கணக்கு பேப்பர்லதான் அழகா இருக்கு, அதுல ரெண்டு மூணு ஓட்டை இருக்கு, நான் போன வருஷம் என் மாமியாரோட போயி அந்த ஓட்டைல எல்லாம் விழுந்து எந்திரிச்சவ, அதனால சொல்றேன்.

முதல்ல அந்த 14 ஆயிரம். அது ஆளும் ஒரு சின்ன பையும் போற ரேட்டு. 7 கிலோ, அதுவும் கைப்பை எல்லாம் சேத்து. நாங்க வீட்ல துணி காயப்போடற கொக்கில தராச மாட்டி எடை பாத்துட்டுதான் போனோம், 6 கிலோ 800. அப்புறம் மாமியார் எனக்கே தெரியாம புளிக்காய்ச்சல் டப்பா, பருப்புப்பொடி, ஒரு சின்ன வெங்கல விளக்கு (முருகனுக்கு ஏத்தணுமாம்) எல்லாத்தையும் கைப்பைல போட்டுட்டாங்க. கவுண்டர்ல வச்சா ரெண்டு பேருக்கும் தாண்டுது. அங்கயே கிலோவுக்கு இவ்வளவுன்னு கேட்டாங்க பாருங்க, முன்னாடியே ஆன்லைன்ல ஒரு 20 கிலோ பை போட்டிருந்தா ஆகியிருக்கற காசு அதுல பாதி கூட இல்ல. பின்னாடி வரிசைல நிக்கறவங்க முன்னாடி பையத் திறந்து மாமியார் ஒரு புடவைய சுடிதார் துப்பட்டா மாதிரி எனக்கு சுத்தி விட்டாங்க, அந்த கோலத்துலதான் நான் முதல் முதலா வெளிநாட்டுல கால் வச்சேன். அதனால டிக்கெட் போடும்போதே ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஒரு பை போட்டுருங்க, போகவும் வரவும். வரும்போதுதான் ரொம்ப முக்கியம். டிக்கெட்டுக்கு 28ன்னு எழுதின இடத்துல 34ன்னு எழுதுங்க.

ரெண்டாவது, ரூம். ஆப்ல காட்டற வாடகை இல்லாம, வெளிநாட்டுக்காரங்ககிட்ட ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் (மலேசியா பணம்) டூரிசம் டாக்ஸ் ஓட்டல் கவுண்டர்ல தனியா வாங்குவாங்க, அது அரசாங்க வரி, சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. அதுக்கு மேல நிறைய ஓட்டல்ல 50 இல்ல 100 ரிங்கிட் டெபாசிட் கேப்பாங்க, கிளம்பும்போது திருப்பி கொடுத்துருவாங்க, ஆனா அந்த நேரத்துல கையில இருக்கணுமே. எங்ககிட்ட இல்ல.

மூணாவது யாருமே சொல்ல மாட்டாங்க. நடுராத்திரி கிளம்பற ஃப்ளைட்டா இருந்தா, 4 மணி நேரம் பறக்கும், அங்க மணி நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, ஆக ஆறு ஆறரைக்கு இறக்கி விட்டுருவான். ரூம் கொடுக்கறது மத்தியானம் 2, 3 மணிக்கு. தூங்காத கண்ணோட வயசானவங்கள ரிசப்ஷன் சோஃபால உக்கார வச்சிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முன்னாடியே ஓட்டலுக்கு மெசேஜ் போட்டு சீக்கிரம் ரூம் கிடைக்குமான்னு கேளுங்க, கொஞ்சம் எக்ஸ்ட்ரா கேட்டாலும் கொடுத்துருங்க, அம்மாவுக்காக பண்ற செலவுல இதான் முதல் செலவு.

அப்புறம் ட்ராவல் இன்சூரன்ஸ், ரெண்டு பேருக்கும் சேத்து ஆயிரம் ஆயிரத்து ஐநூறுல முடிஞ்சிரும். சுகர் பிபி மாத்திரை இருந்தா அட்டையோட, டாக்டர் சீட்டோட கைப்பைல வைங்க, பெரிய பைல வேண்டாம்.

ஊர்சுத்தி_87:

ப்ரோ இதே 80க்கு பாங்காக் பட்டாயா போயிட்டு வரலாம், கேஎல்ல என்ன இருக்கு, ரெண்டு டவர், நாலு மால். யோசிங்க.

உறையூர்_குமரன்:

அம்மாவுக்கு முருகன் வேணும் ப்ரோ, பட்டாயால எங்க தேடுவேன் 😄

அக்கா, ரொம்ப நன்றி, அந்த பை விஷயம் சத்தியமா எனக்கு தெரியாது. அம்மாகிட்ட இப்பவே சொல்லிட்டேன் விளக்கு கிடையாதுன்னு. முறைக்கறாங்க.

கிள்ளான்_மணி:

வணக்கம் தம்பி, நான் இங்க கிள்ளான்ல இருக்கேன், கேஎல்ல வேலை. டவர் மால்தான்னு சொன்ன தம்பி ஒரு நாள் வாங்க லா, பசியாற கூட்டிட்டு போறேன், அப்புறம் பேசலாம்.

தங்கறதுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் பாருங்க, கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, லிட்டில் இந்தியான்னு போர்டே போட்டிருக்கும். எல்லா ரயிலும் அங்கதான் வரும், எல்லா கடையிலயும் தமிழ் பேசலாம், பூக்கடை இருக்கு, இலை சாப்பாட்டுக் கடை இருக்கு. ஒரு ரூம் 120, 130 வெள்ளிக்கு சுத்தமா கிடைக்கும் (நாங்க ரிங்கிட்ட வெள்ளின்னுதான் சொல்வோம், சென்னுங்கற சில்லறைய காசும்போம், கடைக்காரர் 2 வெள்ளி 50 காசுன்னா குழம்பிறாதீங்க).

ஏர்போர்ட்ல இருந்து வர்றதுக்கு எல்லாரும் எக்ஸ்பிரஸ் ரயில்னு சொல்வாங்க, அரை மணில வந்துரும் உண்மைதான், ஆனா ஆளுக்கு 55 வெள்ளி, ரெண்டு பேருன்னா 110. கிராப் ஆப்ல காடி (இங்க கார காடின்னுதான் சொல்வோம்) புக் பண்ணா நேரத்த பொறுத்து 65ல இருந்து 90க்குள்ள, டோல் சேத்து, ஓட்டல் வாசல்லயே இறக்குவான். ஒரு ஆள்னா பஸ், ஆளுக்கு 15 வெள்ளிய ஒட்டி வரும், ஒரு மணி நேரம் ஆகும். அம்மாவோட, பையோட, தூக்கம் இல்லாம வரீங்க, காடி எடுங்க. உள்ள வந்து கைய புடிச்சு டாக்ஸி டாக்ஸின்னு கூப்பிடறவங்க கூட மட்டும் போகாதீங்க.

இப்ப பத்துமலை. வந்த அன்னைக்கே போகாதீங்க, அம்மா ஒரு நாள் தூங்கட்டும். மறுநாள் காலைல 7 மணிக்கெல்லாம் அடிவாரத்துல இருக்கணும். 9 மணிக்கு மேல டூரிஸ்ட் பஸ்ஸா வந்து கொட்டும், வெயிலும் ஏறிரும், படில நின்னு போட்டோ எடுக்கற கூட்டத்துக்குள்ள முட்டி வலிக்காரங்க ஏற முடியாது. படி 272, கொஞ்சம் குறுகலா செங்குத்தா இருக்கும், ஆனா நடு நடுவுல தளம் உண்டு, கைப்பிடி உண்டு. ஏற காசு கிடையாது. ஏற முடியலன்னாலும் மனசு கஷ்டப்பட வேண்டாம், அந்த 140 அடி முருகன் கீழதான் நிக்கறார், கீழயும் கோயில் சந்நிதி எல்லாம் இருக்கு. சிலைய 2006 ஜனவரில திறந்தாங்க, அப்ப எங்க வீட்ல எல்லாரும் போயிருந்தோம், கூட்டத்துல என் செருப்பு போச்சு. இப்ப உங்க சேலம் முத்துமலைல 146 அடில வச்சிட்டீங்க, சரி சரி, பொறாமை இல்ல.

குரங்கு. இத பெருசா எழுதறேன். தேங்கா, பழம், பிளாஸ்டிக் பை, எது கையில தெரிஞ்சாலும் போச்சு. அர்ச்சனை சாமான வெளிய தெரியாம துணிப்பைக்குள்ள வைங்க, கண்ணாடி போட்டிருந்தா ஏறும்போது கழட்டி உள்ள வச்சிருங்க. போகும்போது காடி 20, 25 வெள்ளி ஆகும், திரும்பி வரும்போது அங்கயே கேடிஎம் ரயில் ஸ்டேஷன் இருக்கு, சென்ட்ரலுக்கு நேரா வரும், ஆளுக்கு 3 வெள்ளி கூட ஆகாது. அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒண்ணுதான், நேரம் பாத்துக்கோங்க. தைப்பூச சமயத்துல மட்டும் ரூம் ரேட் எல்லாம் வேற மாதிரி, அத மறந்துருங்க.

சைவம்னு சொன்னீங்க. இங்க சம்பல்ல பெலாச்சான்னு இறால் விழுது போடுவாங்க, நாசி லெமாக்ல (தேங்காப்பால் சோறு) நெத்திலி இருக்கும், காய்கறின்னு சொல்லி வைக்கறதுலயும் சில சமயம் இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ்ல சைவக் கடைன்னு போர்டு போட்ட கடைக்கே போங்க, கவலை இல்ல. இலை சாப்பாடு 10ல இருந்து 15 வெள்ளி, ரொட்டி சானாய் (நம்ம பரோட்டா மாதிரி) 2 வெள்ளி பக்கம், தே தாரேக் (ஆத்தின பால் டீ) இரண்டரை. பைப் தண்ணிய அப்படியே குடிக்காதீங்க, ஒன்றரை லிட்டர் பாட்டில் வாங்கி வச்சுக்கோங்க.

பாஸ்போர்ட்_சீனு:

பேப்பர் வேலை பத்தி யாரும் எழுதல, நான் எழுதறேன்.

விசா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1ல இருந்து வேண்டாம், 30 நாள் வரைக்கும். இது அப்பப்ப நீட்டிக்கற சலுகை, அதனால டிக்கெட் போடற அன்னைக்கு ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க. விசா இல்லன்னா எதுவுமே வேண்டாம்னு அர்த்தம் இல்ல, அங்கதான் நம்ம ஆளுங்க மாட்டறாங்க. போறதுக்கு 3 நாளைக்குள்ள எம்டாக்னு ஒரு டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல ஃபில் பண்ணணும், ரெண்டு பேருக்கும் தனித்தனியா. அது சுத்தமா ஃப்ரீ. கூகுள்ல தேடினா மேல வர்ற நாலஞ்சு சைட்டு பாக்க அச்சு அசல் கவர்மெண்ட் சைட்டு மாதிரி இருக்கும், கடைசில கார்டு நம்பர் கேக்கும். அட்ரஸ் டாட் ஜிஓவி டாட் எம்ஒய்ன்னு வந்தா மட்டும் தொடுங்க. என்கிட்ட ஒரு ஏஜெண்ட் இதுக்கு ஆளுக்கு 1500 வாங்கினான், "சர்வீஸ் சார்ஜ் சார்"னு. 5 நிமிஷ வேலை, நானே என் போன்ல பண்ணியிருக்கலாம்.

பாஸ்போர்ட் குறைஞ்சது 6 மாசம் வேலிடிட்டி. ரிட்டன் டிக்கெட், ஓட்டல் புக்கிங் ரெண்டையும் பேப்பர்ல பிரிண்ட் எடுங்க, போன்ல இருக்குன்னு நிக்காதீங்க, சார்ஜ் போச்சுன்னா கதை முடிஞ்சது. அங்க இமிகிரேஷன்ல எத்தனை நாள், எங்க தங்கறீங்க, எவ்வளவு பணம் இருக்குன்னு கேக்கலாம், டூரிஸ்ட்னு சொல்லிட்டு வேலைக்கு வர்றவங்க நிறைய பேர் இருக்கறதால தனியா வர்ற பசங்கள கொஞ்சம் உத்து பாப்பாங்க. அம்மா கூட இருக்கறதே உங்களுக்கு பாதி பலம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

இன்னொண்ணு, அம்மா 10வது பாஸ் இல்லன்னா பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு (சில நாடுகளுக்கு வேலைக்கு போறதுக்கு முன்னாடி அரசாங்க அனுமதி வேணும்ங்கற குறிப்பு) அடிச்சிருக்கான்னு பாருங்க, மலேசியா அந்த லிஸ்ட்ல இருக்கற நாடு. 50 வயசு தாண்டினவங்களுக்கு ஈசிஆர் தேவையே இல்ல, வேலைக்கு இல்லாம சுத்தி பாக்க போறவங்களுக்கும் ரிட்டன் டிக்கெட் இருந்தா பிரச்சனை வரக் கூடாது, ஆனா தெரிஞ்சு வச்சுக்கிட்டா கவுண்டர்ல முழிக்க வேண்டாம்.

கடைசியா, திருச்சி ஏர்போர்ட்ல யாராவது வந்து "தம்பி இந்த பார்சல மட்டும் அங்க என் மச்சான்கிட்ட கொடுத்துருங்க, ஊறுகாதான்"னு சொன்னா, சொந்த சித்தப்பாவா இருந்தாலும் வாங்காதீங்க. அங்க போதைப்பொருள் சட்டம் விளையாட்டு இல்ல.

காசு_கணக்கு:

பண விஷயம் நான் சொல்றேன். முழுசும் கேஷும் வேண்டாம், முழுசும் கார்டும் வேண்டாம். ஒரு 500 ரிங்கிட் இங்கயே லைசென்ஸ் உள்ள மணி சேஞ்சர்ல மாத்திக்கோங்க (அந்த அக்கா சொன்ன டெபாசிட்டுக்கும் முதல் நாள் செலவுக்கும்), மீதிக்கு நம்ம 500 ரூபா நோட்டாவே கொண்டு போய் அங்க மஸ்ஜித் இந்தியா பக்கம் மாத்துங்க, வரிசையா கடை இருக்கு, நாலு கடை போர்டு பாத்துட்டு மாத்துங்க, ஏர்போர்ட்ட விட ரேட்டு நல்லாவே இருக்கும். நம்ம ரூபாய 25 ஆயிரத்துக்கு மேல ஆளுக்கு வெளிய கொண்டு போகக் கூடாது, அது ரூல்.

கார்ட பேங்க் ஆப்ல போய் இன்டர்நேஷனல் யூசேஜ் ஆன் பண்ணணும், அது நார்மலா ஆஃப்லதான் இருக்கும். அங்க மெஷின்ல தேய்க்கும்போது ரூபாய்ல கட்டறீங்களா ரிங்கிட்லயான்னு கேக்கும். நம்ம காசுல காட்டுதேன்னு ஆசைப்பட்டு ரூபாய அமுக்காதீங்க, அதுல அவன் ரேட்டு வச்சு எடுத்துருவான். எப்பவும் ரிங்கிட். பேங்க் மார்க்கப் எப்படியும் ஒரு மூணு மூணரை பர்சென்ட் போகும், அதனால கார்டு ஓட்டலுக்கும் அவசரத்துக்கும் மட்டும்.

அங்க லோக்கல் சிம் வாங்கி போட்டுட்டு நம்ம சிம்ம கழட்டி பர்ஸ்ல வச்சா ஓடிபி எப்படி வரும்? ரெண்டு சிம் போன்னா நம்ம சிம்ம ரோமிங் ஆன் பண்ணி, டேட்டாவ ஆஃப் பண்ணி அப்படியே விடுங்க. என் கூட வந்த ஃப்ரெண்டு கிராப் ஆப்ப அங்க போய்த்தான் இன்ஸ்டால் பண்ணான், ஓடிபி வராம ஏர்போர்ட் வாசல்ல முக்கா மணி நேரம். வீட்டுலயே இன்ஸ்டால் பண்ணி லாகின் பண்ணிட்டு போங்க. அப்புறம் சார்ஜர் பின். அங்க ப்ளக் மூணு பட்டைப் பின், நம்ம உருண்டைப் பின் உள்ள போகாது. இங்கயே 200, 250க்கு அடாப்டர் கிடைக்கும்.

உறையூர்_குமரன்:

எல்லாருக்கும் கோடி நன்றி. எக்ஸெல் ஷீட்ட திருப்பி போட்டேன். ஒரு கேள்வி மட்டும், அந்த ரெட்டை கோபுரத்து மேல ஏற டிக்கெட் ஆளுக்கு நூறு வெள்ளி பக்கம் வருது, ரெண்டு பேருக்கும் 4 ஆயிரத்துக்கு மேல, தேவையா?

ஸ்ரீரங்கம்_அக்கா:

தேவையில்லப்பா. ராத்திரி பின்னாடி இருக்கற பார்க்ல உக்காந்தா ஃபவுண்டன் ஷோ ஃப்ரீ, கோபுரம் ரெண்டும் முழுசா தெரியும். மேல ஏறினா கோபுரத்த தவிர எல்லாம் தெரியும். ஏறியே ஆகணும்னா திங்கக்கிழமை லீவு, பாத்துக்கோங்க.

உறையூர்_குமரன்:

அப்டேட்! போயிட்டு வந்து ஒரு வாரம் ஆச்சு, வந்ததும் இயர் எண்டிங் வேலை, இப்பத்தான் உக்காந்தேன்.

கணக்கு முதல்ல, கேக்க ஆசைப்படுவீங்க. டிக்கெட் ஒரு 20 கிலோ பையோட 33,600. இன்சூரன்ஸ் 1,100. அங்க போய் ஆனது எல்லாம் சேத்து 1,465 வெள்ளி: ரூம் டாக்ஸோட 560, சாப்பாடு 330, காடி ரயில் 235, சிம் 30, அம்மா ஷாப்பிங் 310. எனக்கு ஆவரேஜா ஒரு வெள்ளி 22 ரூபா விழுந்துச்சு, அதுக்கு 32 ஆயிரத்து சொச்சம். மொத்தம் 67 ஆயிரம். ஷீட்ல போடாத ஒரே செலவு குடை. ரெண்டாவது நாள் சாயங்காலம் அடிச்ச மழைல மாட்டிக்கிட்டு 18 வெள்ளிக்கு ஒரு குடை வாங்கினோம், அத ஷாப்பிங்ல தள்ளிட்டேன், ஆடிட்டர் யாரும் கேக்காதீங்க.

இமிகிரேஷன்ல என்கிட்ட எத்தனை நாள்னு கேட்டாங்க, அவ்வளவுதான். அம்மாவ பாத்து அந்த ஆபீசரம்மா தமிழ்லயே "பத்துமலையா?"ன்னாங்க. அம்மா அதுக்கே கும்பிட்டாங்க.

மணி அண்ணன் சொன்ன மாதிரி மறுநாள் காலைல 7 மணிக்கு போயிட்டோம். கீழ இருந்தே பாத்துக்கறேன்னுதான் அம்மா சொன்னாங்க, நானும் சரின்னேன். செருப்ப கழட்டி என் கையில கொடுத்துட்டு பத்து படி ஏறி பாக்கறேன்னு போனவங்க, ஒவ்வொரு தளத்துலயும் அஞ்சு நிமிஷம் உக்காந்து உக்காந்து, 40 நிமிஷத்துல மேல நிக்கறாங்க. நான் தண்ணி பாட்டில், ரெண்டு ஜோடி செருப்பு, துணிப்பையோட பின்னாடி மூச்சு வாங்கிட்டு போறேன். இறங்கும்போது ஒரு குரங்கு என் கையில இருந்த அம்மாவோட ஒரு செருப்ப மட்டும் புடுங்கிட்டு மேல ஏறி உக்காந்துருச்சு, தின்னு பாத்துட்டு போட்டுருச்சு. பல் தடம் இருக்கு, அத வீட்டுக்கு கொண்டு வந்திருக்காங்க.

சாப்பாட்டுக்குதான் ரொம்ப கஷ்டப்பட்டேன். சைவம் கிடைக்காம இல்ல, தாராளமா கிடைச்சுது. அம்மா எந்த விலைய பாத்தாலும் 22ஆல பெருக்கறாங்க. தே தாரேக் வந்து மேசைல வைக்கறான், "ரெண்டரைன்னா 55 ரூவாடா, நம்ம ஊர்ல நாலு டீ"ன்னு சொல்லி எழுந்திரிக்கறாங்க. மூணாவது நாள் வரைக்கும் இப்படித்தான். நாலாவது நாள் காலைல நான் எந்திரிக்கறதுக்குள்ள தனியா கீழ போயி, கடைக்காரர்கிட்ட தமிழ்ல பேசி, ரெண்டு தே தாரேக் பார்சல் கட்டி வாங்கிட்டு ரூமுக்கு வந்துட்டாங்க. எவ்வளவும்மான்னு கேட்டேன். "அஞ்சு வெள்ளி"ன்னாங்க.

மீதி 13 ஆயிரம் கையில இருக்குன்னு வாய் தவறி சொல்லிட்டேன். பினாங்குல தண்ணீர்மலைன்னு ஒரு முருகன் கோயில் இருக்காமே, பத்துமலைல யாரோ ஒரு பாட்டி சொல்லி விட்டுட்டாங்க. மணி அண்ணா, அங்க எத்தனை படி?

கிள்ளான்_மணி:

513 லா தம்பி. செருப்ப நீங்களே புடிச்சுக்கோங்க.